பழைய கணினிக்குப் புதிய திருத்தம்

பயன்படக்கூடிய பொருளை எளிதில் எறிந்துவிடும் வழக்கம் மட்டக்களப்பு இல்லங்களிலே இல்லை. எழுவான்கரையாயினும் படுவான்கரையாயினும், பாட்டனார் வாங்கிய தையல் யந்திரமும் தந்தையார் ஓட்டிய துவிச்சக்கர வண்டியும் பழுது பார்க்கப்பட்டு அடுத்த தலைமுறையின் கைக்கு வருவதைக் காண்கின்றோம். இந்நாளிலே கணினியும் அவ்வரிசையிற் சேர்ந்துவிட்டது. பல்கலைக்கழகம் புகும்போது அண்ணனுக்கு வாங்கிய கணினி, அவன் உத்தியோகத்துக்குச் சென்றபின் தங்கையின் பாடமேசைக்கு வருகின்றது. வெளிநாட்டிலுள்ள மாமா தாம் பாவித்த மடிக்கணினியை விடுமுறையில் வரும்போது மருமகனுக்குக் கொண்டுவந்து கொடுக்கின்றார். யந்திரம் நன்றாகவே இயங்குகின்றது. ஆயினும் ஒருநாள் திரையிலே ஓர் அறிவித்தல் தோன்றும்: இனி இக்கணினிக்குத் திருத்தங்கள் அனுப்பப்படமாட்டா என்பது அதன் சாரம்.

அது கண்டு சிலர் அஞ்சுவர்; பலர் அதனைப் படியாமலே மூடிவிடுவர். இவ்விரண்டும் தக்க வழிகள் அல்ல. அவ்வறிவித்தலின் பொருள் என்ன, அதன்பின் ஒரு குடும்பம் செய்யத்தக்கது யாது, உற்பத்தியாளருக்கு நம் குறையை எவ்வாறு எட்டச் செய்வது என்பவற்றை இங்கே ஆராய்வோம்.

திருத்தம் வரும் வழி

கணினியின் உறுப்புகளையெல்லாம் ஆண்டு நடத்தும் அடிப்படை மென்பொருளை நமது பாடநூல்கள் ‘பணிசெயல் முறைமை’ என்று கூறும். விண்டோஸ், லினக்ஸ், அன்ட்ரொயிட் என்பன யாவும் அவ்வகையின. இலட்சக்கணக்கான வரிகளாக எழுதப்படும் ஒரு பெருமென்பொருளிலே பிழைகள் இருந்தே தீரும். கடலுக்குப் போய் மீளும் மீனவர் கரையிலமர்ந்து வலையின் கிழிசலைப் பார்த்துப் பின்னுவது போல, அப்பிழைகளை நாள்தோறும் கண்டு களைகின்றனர் அதனை ஆக்கியோர். களைந்ததை உலகெங்குமுள்ள கணினிகளுக்கு அனுப்புவதே ‘இற்றைப்படுத்தல்’ எனப்படும்.

அவ்வாறு வருவன மூவகை. முதலாவது, திருடர் புகக்கூடிய துவாரங்களை அடைக்கும் பாதுகாப்புத் திருத்தம். இரண்டாவது, ஒழுங்காக இயங்காத ஒன்றை ஒழுங்குபடுத்தும் பிழைத்திருத்தம். மூன்றாவது, புதிய வசதிகளைச் சேர்க்கும் பெருமாற்றம். மைக்ரோசொப்ட் நிறுவனம் 2003ஆம் ஆண்டு தொடக்கம் ஒவ்வொரு மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமையும் பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடுவதை வழக்கமாகக் கொண்டுள்ளது. இம்மூன்றையும் ஒன்றெனக் கருதுவதாலேயே பலர் இடர்ப்படுகின்றனர். முதலாவதை விரைந்து ஏற்கவேண்டும். மூன்றாவதைப் பொறுத்துப் பார்த்து ஏற்கலாம்.

மூடப்படும் வாயில்

எந்த முறைமைக்கும் திருத்தம் வருவது ஒரு கால எல்லை வரையிலேதான். விண்டோஸ் எக்ஸ்பி 2001 ஒக்டோபர் 25இல் விற்பனைக்கு வந்தது. 2014 ஏப்ரில் 8ஆம் நாளோடு அதற்குத் திருத்தம் வருவது நின்றது. விண்டோஸ் 7, 2009இல் வந்து 2020 ஜனவரி 14இல் எல்லையை எய்தியது. விண்டோஸ் 10, 2015 ஜூலை 29இல் வந்தது. 2025 ஒக்டோபர் 14 அதன் இறுதி நாளாயிற்று. விரும்பிப் பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பாவனையாளருக்கு மேலும் ஓராண்டு, அதாவது 2026 ஒக்டோபர் 13 வரை, பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வழங்கப்படும் என அந்நிறுவனம் அறிவித்தது.

‘நன்றாக இயங்குவதை ஏன் கைவிடவேண்டும்?’ என்று கேட்பது இயல்பே. ஒரு திருத்தத்தை எழுதினால், அதனைப் பழையதும் புதியதுமான எல்லா முறைமைகளிலும் எண்ணிறந்த உறுப்புகளோடு பொருத்திச் சோதிக்கவேண்டும். முறைமைகள் பெருகப் பெருகச் சோதனையும் செலவும் பெருகும். இது அவர்கள் கூறும் நியாயம். புதியதை விற்கும் வணிக நோக்கும் உடன் உண்டு என்பதை நாம் மறந்துவிடலாகாது. அன்றியும், விண்டோஸ் 11ஐ நிறுவுவதற்கு ‘ரிபிஎம் 2.0’ எனும் பாதுகாப்புச் சில்லும், குறித்த பட்டியலில் அடங்கிய செயலியும் வேண்டும் என்று விதிக்கப்பட்டமையால், செவ்வனே இயங்கும் பல கணினிகள் வாயிலிலேயே தடுக்கப்பட்டன. மாமா கொண்டுவந்த மடிக்கணினி பெரும்பாலும் இவ்வகையினதே.

வந்த மருந்தை உண்ணாதார்

திருத்தத்தைப் புறக்கணிப்பதால் நேருங் கேட்டினை 2017ஆம் ஆண்டு உலகம் கண்டது. அவ்வாண்டு மே மாதம் 12ஆம் நாள் ‘வன்னாகிரை’ எனும் தீநிரல் பரவத் தொடங்கிற்று. அது கணினியிலுள்ள கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறப்பதற்குப் பணம் கேட்டது. சில நாள்களில் ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் அதன் கைப்பட்டன. பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவையில் மட்டும் சுமார் 19,000 மருத்துவச் சந்திப்புகள் தடைப்பட்டிருக்கலாம் என்று பின்னர் மதிப்பிடப்பட்டது.

இதிலே கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. அத்துவாரத்தை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் மார்ச் 14ஆம் நாளே வெளியிட்டிருந்தது. தாக்குண்டவற்றிற் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கொண்டவை. அக்காலத்தில் அம்முறைமைக்குத் திருத்தம் வந்துகொண்டுதான் இருந்தது. இரண்டு மாதங்களாக வாயிலில் நின்ற மருந்தை வாங்கி உண்ணாதவரே பெரிதும் நோயுற்றனர். எல்லை கடந்து மூன்றாண்டுகள் ஆன எக்ஸ்பிக்குங்கூட அந்நிறுவனம் அவ்வேளை ஒரு திருத்தத்தை வழமைக்கு மாறாக வெளியிட்டது. கேடு பெரிதானால் மூடிய வாயிலும் ஒருமுறை திறக்கும். ஆனால் அதனை நம்பியிருத்தல் அறிவுடைமையாகாது.

மருந்தே நோயான கதை

இனி மறுபக்கத்தையும் பார்ப்போம். 2018 ஒக்டோபர் 2ஆம் நாள் விண்டோஸ் 10க்கு ஒரு பெருமாற்றம் வெளியிடப்பட்டது. அதனை நிறுவியவர்களுள் சிலர் தம் ஆவணங்களும் படங்களும் அழிந்துபோயிருக்கக் கண்டு திகைத்தனர். சிறிய வன்தட்டில் இடம் போதாமல், ‘ஆவணங்கள்’ என்னும் உறையை வேறோரிடத்துக்கு மாற்றி வைத்திருந்தோர் அவர்கள். பழைய இடத்தில் எஞ்சி நின்ற உறையை வெறுமையானதெனக் கொண்டு புதிய நிரல் துடைத்துவிட்டது. அதனுள்ளே இன்னும் கோப்புகள் இருந்தன. நான்கே நாள்களில், ஒக்டோபர் 6ஆம் நாள், வெளியீடு நிறுத்தப்பட்டது. பிழை களையப்பட்டு நவம்பர் 13இல் மீண்டும் வெளிவந்தது.

பாதிக்கப்பட்டோர் நிறுவியவர்களுள் மிகமிகச் சிறிய பங்கினர் என்று அந்நிறுவனம் கூறியது. ஆனால் இக்கதையின் உட்கிடை வேறு. வெளியீட்டுக்கு முன்னரே அதனைச் சோதித்துப் பார்த்த தொண்டர்களுட் சிலர், தம் கோப்புகள் அழிந்தன என்று முறைப்பாடு எழுதியிருந்தனர். ஆயிரக்கணக்கான பிற குறிப்புகளுக்கிடையில் அம்முறைப்பாடுகள் அமிழ்ந்துபோயின. பலர் ஆதரித்த குறையே மேலே மிதக்கும் ஏற்பாடாகையால், சிலரே கண்ட பெருங்கேடு அடியிலே தங்கிவிட்டது. அதன்பின்னர், குறை எத்துணைக் கடுமையானது என்பதையும் எழுதுவோரே குறித்துக்காட்டும் வசதி சேர்க்கப்பட்டது.

2024 ஜூலை 19ஆம் நாள் நிகழ்ந்தது இதனினும் பெரிது. ‘கிரவுட்ஸ்ட்ரைக்’ எனும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான ஓர் இற்றைப்படுத்தலால் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. விமான நிலையங்களும் வைத்தியசாலைகளும் வங்கிகளும் செயலிழந்து நின்றன. காப்பதற்கென வந்ததே கவிழ்த்தது. ஆகவே திருத்தம் என்று பெயர் பெற்றதெல்லாம் நன்மையே என்று கண்மூடிக் கொள்ளுதலும் ஆகாது.

வாவியின் வாயும் மக்கள் சொல்லும்

இவ்வுண்மை மட்டக்களப்பு மக்களுக்குப் புதிதன்று. நமது வாவி கடலோடு கலக்கும் பாலமீன்மடு முகத்துவாரத்தைப் பாருங்கள். கோடையிலே அலை கொண்டுவரும் மணல் அதனை அடைத்துவிடும். மாரி மழையிலே வாவி பெருகிப் படுவான்கரை வயல்களும் தாழ்ந்த குடிமனைகளும் நீரில் மூழ்கும்போது, முகத்துவாரத்தை வெட்டிவிடவேண்டும் என்ற குரல் எழும். வயல் செய்வோர் விரைவில் வெட்டக் கேட்பர். மீனும் இறாலும் கடலோடு போய்விடும் என்று வலை வீசுவோர் கவலை கொள்வர். இரு சாராரின் சொல்லையுங் கேளாமல் வெட்டினால், ஒருவருக்கு நன்மையானது மற்றவருக்குத் தீமையாய் முடியும். காலம் கடந்து வெட்டினாலோ எல்லோர்க்கும் நட்டமே.

மென்பொருள் திருத்தமும் அத்தகையதே. தொலைதூரத்து அலுவலகத்திலிருந்து அதனை அனுப்புவோருக்கு, ஒவ்வொருவர் வீட்டிலும் உள்ள பழைய யந்திரம் எப்படிப்பட்டது என்று தெரியாது. பயன்படுத்துவோர் சொன்னாலன்றி அவர் அறிய வழியில்லை. சொல்லுக்கு வலிமையுண்டு என்பதற்கும் சான்று காட்டலாம். 1991ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே, பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டொர்வால்ட்ஸ் தாம் சிறிதாக ஆக்கிவந்த முறைமையொன்றைப் பற்றி அறிவித்து, பிறர் என்ன விரும்புகின்றனர் என்று கேட்டார். வந்த பதில்களிலும் திருத்தங்களிலும் வளர்ந்ததே இன்றைய லினக்ஸ். மொசில்லாவின் பயர்பொக்ஸ் உலாவி, மைக்ரோசொப்ட் எக்ஸ்பியைக் கைவிட்டபின்னும் நான்காண்டுகள், 2018 ஜூன் வரை, அதற்குத் திருத்தம் வழங்கியது. 2023 ஜூலையில் வந்த அதன் 115ஆம் பதிப்பு விண்டோஸ் 7க்கும் 8க்கும் உரிய இறுதிப் பதிப்பு எனப்பட்டது. ஆயினும் அவற்றைப் பாவிப்போர் இன்னும் பலர் என்று கண்டமையால், அப்பதிப்புக்குரிய பாதுகாப்புத் திருத்தக் காலம் ஒருமுறைக்கு மேல் நீட்டப்பட்டது.

தமிழெழுத்துப் பட்ட பாடு

தமிழருக்கு இவ்விடயத்தில் தனிக் கவலையொன்றும் உண்டு. இலங்கையிலே நெடுங்காலம் ‘பாமினி’ போன்ற எழுத்துருக்களே வழக்கில் இருந்தன. அவற்றின் தந்திரம் எளிது: ஆங்கில எழுத்தின் இடத்திலே தமிழெழுத்தின் வடிவத்தை வைத்துவிடுதல். பாமினியில் ‘அம்மா’ என்று எழுதிய கோப்பை அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், ஆங்கில எம், கே, ஓர் அரைப்புள்ளி, மீண்டும் ஒரு கே, ஒரு எச் என்பவை தோன்றும். அன்னையை அடையாளங்காண எவராலும் இயலாது. கணினியின் உள்ளத்திலே அங்கு தமிழ் இல்லை; தமிழ் வேடம் பூண்ட ஆங்கிலமே உள்ளது.

இதற்குத் தீர்வாக 1991இல் வெளிவந்த யுனிக்கோட் நியமத்தில் தமிழுக்குத் தனியிடம் ஒதுக்கப்பட்டது. விண்டோஸ் 2000 முறைமை ‘லதா’ எழுத்துருவோடு அதனை ஏற்றது. எக்ஸ்பியிலோ, அதற்கான கோப்புகளைத் தனியே நிறுவவேண்டியிருந்தது. அவ்வாறு செய்யாதவர்களுக்கு ‘கொ’ என்ற எழுத்தின் கொம்பு முன்னே வராமல் புள்ளியிட்ட வட்டமொன்றோடு பின்னே நின்றது. 2005ஆம் ஆண்டில் ‘ஶ’ என்னும் எழுத்து நியமத்தில் சேர்க்கப்பட்டபோது, பழைய முறைமைகளில் அது வெறும் பெட்டியாகத் தோன்றியது. ‘ஸ்ரீ’ என்பதை இரு வேறு முறைகளிற் பதியலாம் என்ற நிலையும் உண்டாயிற்று. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. 2008இல் இலங்கைத் தமிழ் விசைப்பலகைக்கு எஸ்.எல்.எஸ். 1326 என்னும் தரநிலை வகுக்கப்பட்டது.

இத்தகைய குறைகளை ஆங்கிலம் மட்டும் எழுதும் ஒருவர் ஒருபோதும் காணமாட்டார். 2018 பெப்ரவரியிலே தெலுங்கெழுத்துக் கூட்டொன்று ஐபோனுக்கு வந்து சேர்ந்தாலே அதன் செய்திச் செயலிகள் நிலைகுலைந்தன. செய்தி பரவி முறைப்பாடுகள் குவிந்தபின், அம்மாதம் 19ஆம் நாள் அப்பிள் நிறுவனம் திருத்தம் வெளியிட்டது. நம் எழுத்தின் நோயை நாமே சொல்லவேண்டும். நமக்காக வேறெவரும் சொல்லார்.

சொல்வதற்குச் சொற்கள் வேண்டுமல்லவா? வாவிக்கரைக்குத் தெற்கே காரைதீவிலே 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர், விஞ்ஞானம் கற்றுக் கற்பித்தவர். 1930களிலே சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கியவர். அறிவியலைத் தமிழிற் பேச இயலும் என்று அவர் காட்டிய வழியிலேதான், இற்றைப்படுத்தல், பின்னூட்டல், எழுத்துரு, விசைப்பலகை என்ற சொற்களை இன்று நம் மாணவர் பாடசாலையிற் கற்கின்றனர். அச்சொற்கள் பரீட்சைத்தாளோடு நின்றுவிடலாகாது.

முறைப்பாடு எழுதும் முறை

‘கணினி வேலை செய்யவில்லை’ என்று எழுதினால் எவராலும் உதவ இயலாது. ‘உடம்பு சரியில்லை’ என்று மட்டும் சொல்லும் நோயாளியை வைத்து வைத்தியர் என்ன செய்வார்? நல்ல முறைப்பாட்டில் ஐந்து செய்திகள் அடங்கும். எந்த முறைமை, எந்தப் பதிப்பு என்பது ஒன்று. குறை தோன்றுமுன் நீங்கள் செய்தது என்ன, படிமுறையாக, என்பது இரண்டு. நீங்கள் எதிர்பார்த்தது என்ன என்பது மூன்று. உண்மையில் நிகழ்ந்தது என்ன என்பது நான்கு. ஒவ்வொரு முறையும் நிகழ்கின்றதா, சிலவேளை மட்டுமா என்பது ஐந்து. திரையின் படமொன்றையும் சேர்த்தால் நன்று. ஆனால் அதிலே வங்கிக் கணக்கிலக்கமோ கடவுச்சொல்லோ தெரியாதவாறு பார்த்துக்கொள்ளவேண்டும்.

விண்டோஸ் 10இலும் 11இலும் இதற்கெனப் ‘பின்னூட்ட மையம்’ என்ற செயலி உண்டு. பயர்பொக்ஸ் முதலிய கட்டற்ற மென்பொருள்களுக்கு எவரும் முறைப்பாடு எழுதத்தக்க பொதுப் பதிவேடுகள் உள்ளன. எழுதுமுன், அதே குறையை வேறொருவர் சொல்லியிருக்கின்றாரா என்று தேடி, சொல்லியிருந்தால் அவர் குரலோடு உங்கள் குரலையுஞ் சேருங்கள். கோபச் சொற்கள் எப்பயனும் தாரா. நுணுக்கமான ஒரு வாக்கியம் பல வசைமொழிகளினும் வலியது. கோப்பு அழிதல், பணம் இழத்தல் போன்ற கேடாயின், அதனை முதல் வரியிலேயே எழுதுங்கள்.

இல்லத்தில் செய்யவேண்டியவை

முதலாவது, எத்திருத்தத்தை நிறுவுமுன்னும் முக்கிய கோப்புகளின் பிரதியை வேறொரு வன்தட்டில் எடுத்து வையுங்கள். 2018இல் கண்ணீர் விடாதவர்கள் அவ்வாறு எடுத்து வைத்திருந்தவர்களே.

இரண்டாவது, மாதாந்தப் பாதுகாப்புத் திருத்தங்களை ஓரிரு நாள்களுள் ஏற்றுக்கொள்ளுங்கள். பெருமாற்றங்களை இரண்டொரு கிழமை பொறுத்து, பிறர் அனுபவத்தை அறிந்தபின் ஏற்கலாம்.

மூன்றாவது, காலமும் மின்சாரமும் பார்த்துச் செய்யுங்கள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இடி மின்னலும் மின்தடையும் நமக்குப் பழகியவை. திருத்தம் பாதியில் நிற்கும்போது மின்சாரம் அற்றால் முறைமையே பழுதாகலாம். மேசைக் கணினியாயின் வானம் தெளிந்த நாளைத் தெரிந்துகொள்ளுங்கள். மடிக்கணினியாயின் மின்கலத்தை முற்றாக ஏற்றியபின் தொடங்குங்கள். கைத்தொலைபேசித் தரவையே நம்பியிருப்போர், அளவிட்ட இணைப்பு என்று கணினியிற் குறித்துவிட்டால், பெரிய பதிவிறக்கங்கள் நம்மைக் கேளாமல் தரவை விழுங்கமாட்டா.

நான்காவது, எல்லை கடந்த முறைமையில் வங்கி அலுவல் பார்க்காதீர்கள். கட்டுரை எழுதவும் கணக்குப் பழகவும் அக்கணினியை இணையமின்றி வைத்துக்கொள்ளலாம். இணையம் வேண்டுமாயின், பழைய யந்திரத்துக்கு ஏற்ற லினக்ஸ் வகையொன்றை நிறுவலாம். ஆனால் அங்கும் எல்லையுண்டு: 32 பிட் கணினிகளுக்கு நெடுங்காலம் கைகொடுத்த டெபியன், 2025 ஆகஸ்டில் வெளிவந்த 13ஆம் பதிப்பு முதல், அவற்றில் நிறுவுதற்கான வசதியை நிறுத்திவிட்டது. கணினி எத்தகையது என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள்.

ஐந்தாவது, உங்கள் கணினியில் பழுது கண்டோம், திருத்தித் தருகின்றோம் என்று தொலைபேசியில் அழைப்போரை நம்பாதீர்கள். உற்பத்தியாளர் எவரும் அவ்வாறு தாமாக அழைப்பதில்லை.

ஆறாவதாக ஒன்று, மற்றெல்லாவற்றினும் அவசரமானது இதுவே. பாமினியில் எழுதிய கோப்புகள் உங்கள் வீட்டுப் பழைய கணினியில் இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். அண்ணாவியாரிடம் கேட்டு எழுதிய வடமோடிக் கூத்துப் பிரதி, கண்ணகி அம்மன் சடங்கிற் பாடும் காவியத்தின் தட்டச்சுப் படி, பாடசாலை ஆண்டு மலர், குடும்ப வரலாறு என எதுவும் அதிலே கிடக்கலாம். அக்கணினி நின்றுவிட்டால் அவை படிக்கவொண்ணாத ஆங்கிலக் குறிகளாய் அலையும். பாமினியை யுனிக்கோட்டாக மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியபின் ஒருவர் மூலத்தை வாசிக்க மற்றவர் ஒப்புநோக்கிப் பிழை திருத்தவேண்டும்.

மாணவர்களே, இப்பணி உங்களுடையது. அடுத்த விடுமுறையிலே தாத்தாவின் கணினிக்கு முன் ஒரு மணி நேரம் அமருங்கள். அவர் நெடுநாளாகச் சகித்துவந்த குறை யாது என்று கேட்டு, மேலே கூறிய ஐந்து செய்திகளோடும் அதனை எழுதி உரியவர்க்கு அனுப்புங்கள். பதில் வரச் சில மாதங்கள் செல்லலாம், வராமலும் போகலாம். ஆயினும் அக்குறை பதிவேட்டில் ஏறிவிடும். நாளை அதே குறையைக் காணும் இன்னொரு தமிழர், முன்னரே ஒருவர் சொல்லியிருக்கின்றார் என்று கண்டு தம் பெயரையுஞ் சேர்ப்பார். எண்ணிக்கை கூடக் கூட, அடியிற் கிடந்த முறைப்பாடு மேலே மிதந்து வரும்.